மாடிப்படியும் அம்மாவின் முழங்காலும்

பத்து காஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கெல்லி கோட்டையைப் பார்க்காத பேரா மாநிலத்துக்காரர்கள் குறைவு. பள்ளிச் சுற்றுலா என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் அதுதான். ஒரு முறை நான்காம் ஆண்டுப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். சுவர்களுக்கு நடுவே கீழிருந்து மேல் வரை நீண்டு போகும் ஒரு சதுரக் குழியை எட்டிப் பார்த்த பையன் ஒருவன், "டீச்சர், இது கிணறா?" என்று கேட்டான்.

கிணறு இல்லை. லிப்ட் வைப்பதற்காக விட்டு வைத்த இடம்!

வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1890-ஆம் ஆண்டில், இருபது வயது இளைஞராக மலாயாவுக்கு வந்தார். காட்டை வெட்டி ரப்பர் போட்டார், பணம் சேர்ந்தது. 1915-இல் இந்தப் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். செங்கல் இந்தியாவிலிருந்து வந்தது. கட்டிய கைகளும் நம் ஊர்க் கைகள்தான். முதல் உலகப் போரை ஒட்டிப் பரவிய விஷக் காய்ச்சலில் வேலையாட்கள் பலர் செத்து விழ, மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். துரையும் கட்டிக் கொடுத்தார். தொப்பியும் கோட்டுமாக ஓர் உருவம் சாமி சிலைகளோடு அந்தக் கோயிலின் மேல் நிற்பதை இன்றும் பார்க்கலாம். 1926-இல் கெல்லி ஸ்மித் ஐரோப்பாவுக்குப் போனவர், போர்த்துகல் நாட்டு லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்து போனார். இந்த வீட்டுக்கு வேண்டிய லிப்டை வாங்கவே அந்தப் பயணம் என்று சொல்வார்கள். வந்திருந்தால் மலாயாவின் முதல் லிப்ட் அதுவாக இருந்திருக்கும் என்றும் சொல்வார்கள். லிப்ட் வரவில்லை, மனைவி சொத்தை விற்று விட்டார், குழி மட்டும் இருக்கிறது.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்து, கோட்டையின் படிகளில் இறங்கி வரும்போது என் மனம் கதையில் இல்லை. ஈப்போவில், என் வீட்டில், பதினாறு படிகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் என் அம்மாவிடம் போய்விட்டது.

அம்மா தோட்டத்தில் பால் வெட்டியவர். முப்பது வருடத்துக்கு மேல். எங்கள் தோட்டம் மேடும் பள்ளமுமானது. காண்டாக் கம்பின் இரு பக்கமும் பால் வாளி தொங்க, மேட்டு நிரையிலிருந்து சரிவில் இறங்கி ஸ்டோருக்கு நடப்பார். நான் பின்னால் ஓடினால்கூடப் பிடிக்க முடியாது. அந்தத் தோட்டம் செம்பனையாகி, பிறகு வீடமைப்புக்கும் போய்விட்டது. லயத்து வீட்டை விட்டு அம்மா என்னோடு தாமான் வீட்டுக்கு வந்தார். இரட்டை மாடி வரிசை வீடு. கீழே ஹாலும் சமையலறையும். படுக்கையறை மூன்றும் மேலே. நம்மில் எத்தனை பேர் வீடு இப்படி! வாங்குகிற நாளில் நமக்கு முப்பது வயது. படியைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

போன ஆண்டு தீபாவளிக்கு முந்திய மாதம், படி திரும்புகிற மேடையில் கால் தடுமாறி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் நான் வேறொன்றைக் கவனித்தேன். மத்தியானத்துக்கு மேல் அம்மா தண்ணீர் குடிப்பதில்லை. தேத்தண்ணி கொடுத்தால் "இப்ப வேணாம் புள்ள" என்பார். துருவிக் கேட்டேன். விழுந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் இல்லையாம். ஏழெட்டு மாதமாகவே அப்படித்தானாம். கீழே இருப்பது குந்தும் கழிவறை; முழங்கால் மடங்காது. உட்காரும் கழிவறை மேலே. ஒரு தடவை போய் வர முப்பத்திரண்டு படி. அதற்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளின் முகம் பார்த்து யாருக்குப் பசி என்று கண்டுபிடிக்கிறவள் நான்!

முதலில் செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். கீழ்க் கழிவறையை உட்காரும் வகைக்கு மாற்றி, சுவரில் ஒரு பிடிகம்பி அடித்தோம். மாடிப்படியில் ஒரு பக்கம் மட்டும் இருந்த கைப்பிடியை இரண்டு பக்கமும் ஆக்கினோம். வாசகர்களே, எந்த இயந்திரத்தையும் விசாரிக்கும் முன்னால் இந்த இரண்டையும் பாருங்கள். செலவு குறைவு; பலருக்கு இதுவே போதும்.

எங்களுக்குப் போதவில்லை. ஹாலில் ஒரு மடக்குக் கட்டில் போட்டு அம்மாவைக் கீழேயே படுக்க வைத்தோம். மூன்று வாரம். பிரட்டுக்குப் போன பழக்கம், விடியற்காலை நான்கு மணிக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடும். மற்றவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று விளக்கைப் போடாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். பகலில் யார் வந்தாலும் எழுந்து சேலையைச் சரி செய்து கொள்வார். அவருடைய டிரங்குப் பெட்டி, சாமி படம், தெருவைப் பார்க்கும் ஜன்னல் எல்லாம் மேலே. "ஆஸ்பத்திரியில கெடக்குற மாதிரி இருக்கு" என்றார். அதன் பிறகுதான் படி நாற்காலி பற்றி விசாரித்தேன்.

அது என்னவென்று தெரியாதவர்களுக்காக: மாடிப்படி ஓரமாக ஒரு தண்டவாளம். அதில் பல் சக்கரம் பற்றி ஊர்ந்து போகும் ஒரு நாற்காலி. உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, பொத்தானை அழுத்திப் பிடித்தால் மேலே போகும். கையை எடுத்தால் நின்றுவிடும். கெல்லி துரை லிப்டுக்கு ஆசைப்பட்ட அதே 1920-களில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிரிஸ்பன் என்ற கார் வியாபாரி, நோயாளியான தம் நண்பர் மாடிக்குப் போய்வர வேண்டுமே என்று செய்ததிலிருந்து இது பரவியது என்பது வரலாறு. இங்கிலாந்தின் ஸ்டானா நிறுவனம் 1867-இல் பாரந்தூக்கிகள் செய்யத் தொடங்கியது; 1975-இல் படி நாற்காலிக்கு வந்தது. இப்போது நம் நாட்டிலும் பல வகை கிடைக்கிறது.

இனி, வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. என் கையைச் சுட்டுக்கொண்டு கற்றவை இவற்றில் அதிகம்.

எங்கள் படி நேராக ஏறவில்லை. எட்டுப் படி ஏறி, ஒரு மேடையில் திரும்பி, மறுபடியும் எட்டுப் படி. தாமான் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதைப் பொறுத்துத்தான் விலை. நேர்ப்படிக்கான தண்டவாளம் நீளமாக வரும். அளவுக்கு வெட்டிப் பொருத்திவிடலாம். வளைவுத் தண்டவாளம் அப்படியல்ல. நம் வீட்டுப் படியை அங்குலம் அங்குலமாக அளந்து, தொழிற்சாலையில் நமக்கென்றே வளைத்துச் செய்து வரவேண்டும். வாரக்கணக்கில் ஆகும். விலை இரண்டு மடங்கு, சில வேளை மூன்று மடங்கு. எனக்குச் சொன்ன விலைகள் நேர்ப்படிக்கு இருபதாயிரம் வெள்ளியை ஒட்டியும், வளைவுக்கு நாற்பதாயிரத்துக்கு மேலும் இருந்தன.

நாற்பதாயிரமா! கோலாலம்பூரில் இருக்கும் என் தம்பி போனிலேயே அதிர்ந்து போனான். "விலை குறைந்ததாகப் பாரக்கா" என்றான். முதலில் வந்த விற்பனையாளர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வளைவு வேண்டாம், கீழ் எட்டுப் படிக்கு ஒரு நேர் நாற்காலி, மேல் எட்டுப் படிக்கு இன்னொரு நேர் நாற்காலி. மேடையில் இறங்கி, இரண்டு எட்டு நடந்து, மற்றதில் ஏறிக்கொள்ள வேண்டியது. செலவு குறைகிறதே என்று எனக்கும் சரியாகப் பட்டது. ஆயிரம் வெள்ளி முன்பணம் கட்டிவிட்டேன். அவர் படியை அளந்தார், அம்மாவை அளக்கவில்லை. நானும் அம்மாவைக் கேட்கவில்லை.

மாலையில் படத்தைக் காட்டி விளக்கினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நடுவழியில எறக்கி விட்டுட்டா நான் எங்க போறது? அங்கதான விழுந்தேன்" என்றார்.

அவ்வளவுதான். எனக்குப் பேச்சு வரவில்லை. எந்த இடத்தில் அவர் விழுந்தாரோ, அதே இடத்தில் ஒரு நாளைக்கு நான்கு தடவை எழுந்து நின்று திரும்ப வைக்க இருந்தேன். மறுநாள் வேண்டாம் என்று சொன்னேன். முன்பணம் திரும்பி வரவில்லை. ரசீதின் பின்பக்கம் சிறிய எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. இரண்டு நேர் நாற்காலி என்பது பொல்லாத யோசனை என்று நான் சொல்ல வரவில்லை. நின்று நடக்கத் தெம்புள்ளவர், மேடையும் அகலமாக இருந்தால், அது நல்ல சிக்கனம். ஆனால் முழங்கால் நாளைக்கும் இன்று போலவே இருக்குமா என்று யோசியுங்கள்.

இரண்டாவது நிறுவனத்தில் வேறு மாதிரி. வந்தவர் முதலில் அம்மாவை ஒரு சாதாரண நாற்காலியில் உட்காரச் சொல்லி, எழச் சொல்லி, பக்கத்திலிருந்து பார்த்தார். அதன் பிறகுதான் அளவு நாடாவை எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, யார் உதவியும் இல்லாமலோ ஒரு கை உதவியோடோ எழ முடிகிறவருக்குத்தான் படி நாற்காலி. நிமிர்ந்து உட்கார முடியாதவர், மறதி நோய் முற்றியவர், சக்கர நாற்காலியை விட்டு மாறி உட்கார முடியாதவர் ஆகியோருக்கு இது ஆபத்து. அவர்களுக்கு சக்கர நாற்காலியோடு ஏறும் மேடை லிப்ட் வேண்டும், அல்லது கீழேயே ஓர் அறை எடுக்க வேண்டும். நம் இனத்தில் நீரிழிவு அதிகம். காலை எடுத்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லும்படி இருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு வாங்குவதென்றால் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் முதலில் காட்டிவிட்டுப் பிறகு வாங்குங்கள். விற்க வந்தவரின் பேச்சு மட்டும் போதாது.

அம்மா நாலே முக்கால் அடி உயரம். அங்கே கடையில் உட்கார்ந்து பார்த்த முதல் நாற்காலியில் கால் மிதிபலகைக்கு எட்டவில்லை. ஊஞ்சலில் குழந்தை உட்கார்ந்தது போல இருந்தார். ஆசனத்தின் உயரத்தை இறக்கிப் பொருத்தச் சொன்னோம். பொத்தான் வலக் கைப்பிடியில் இருந்தது. முறிந்த கையும் வலதுதான். இடப் பக்கம் மாற்றித் தந்தார்கள். அம்மா வீட்டில் கைலி கட்டுகிறவர். கைலியின் ஓரமோ சேலைத் தலைப்போ தொங்கினால் என்னாகும் என்று கேட்டேன். மிதிபலகையிலும் கீழ்ப் பெட்டியிலும் ஏதாவது தட்டுப்பட்டால் வண்டி தானே நிற்கும். குழந்தையின் கையோ பூனையோ படியில் கிடக்கும் செருப்போ எதுவாயினும் சரி. துணி அவ்வளவு அழுத்தித் தட்டாது. அதனால் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். இதை வாங்குகிற நாளிலேயே பழக்கிவிடுங்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் நாற்காலி படியைப் பார்த்தபடியே நின்றால், இறங்குகிறவர் மாடிப்படி உச்சியில் காலை வைக்க வேண்டி வரும். ஆசனம் சுழன்று தளத்தின் பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். கையால் திருப்புவது மலிவு. மின்சாரத்தில் தானே திரும்புவதற்குக் கூடுதல் பணம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்பேன். கைவலு இல்லாதவர் திருப்பாமலே இறங்கப் பார்ப்பார்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வினாடிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. நத்தைதான். எங்கள் வீட்டில் கீழிருந்து மேலே போக ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலாகிறது. எடைக்கு எல்லை உண்டு. பெரும்பாலும் 120 கிலோவை ஒட்டி இருக்கும். கனத்த உடம்புக்காரருக்குத் தனி வகை உண்டு.

இப்போது படியைப் பாருங்கள். தண்டவாளம் சுவரில் தொங்குவதில்லை. படிகளின் மேல் கால் ஊன்றி முடுக்கப்படுகிறது. தாமான் வீட்டுச் சிமெண்டுப் படி என்றால் பயமில்லை. மேலே ஒட்டிய ஓடு விரிசல் விடாமல் துளைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஈப்போ பழைய டவுனின் கடைவீடுகளில் இருக்கும் செங்குத்தான பலகைப் படிகள் வேறு கதை. கரையான் உள்ளே தின்றிருந்தாலும் மேலே சாயம் பளபளக்கும். தச்சரை அழைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 1984-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது, அகலம் 255-க்குக் குறையக் கூடாது. பழைய வீடுகளுக்கு இந்த விதி ஏது? நாற்காலியை மடக்கினால் ஓர் அடிக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். மீதியில் மற்றவர்கள் தாராளமாக ஏறி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். படியின் கடைசியில் கதவு இருந்தால், தண்டவாளத்தின் அடி நுனி கதவை மறிக்கும். மடங்கும் நுனி கேட்டு வாங்க வேண்டும்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் ஏமாற வேண்டாம். பொதுப் படி எல்லாருக்கும் சொந்தம். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் அங்கே ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. லிப்ட் இல்லாத மலிவு விலை வீட்டில் நான்காம் மாடியில் பெற்றோர் இருந்தால், கீழ்மாடி வீட்டுக்கு மாற்றம் கேட்டு அலைவதுதான் வழி. அலைச்சல்தான், ஆனால் நாற்காலியை விட மலிவு.

மின்சாரம் போனால் பாதிப் படியில் தொங்குவார்களோ என்று என் கணவர் கேட்டார். நல்ல கேள்வி. இப்போது வருபவை பெரும்பாலும் பேட்டரியில் ஓடுகின்றன. மின்சாரம் பேட்டரியை நிரப்ப மட்டும். மின்சாரம் போனாலும் சில தடவை ஏறி இறங்கலாம். ஆனால் நாற்காலியைப் படியின் இரு கோடிகளில், அல்லது குறித்த இடத்தில் நிறுத்தினால்தான் பேட்டரி நிரம்பும். நடுவில் விட்டுவிட்டால் இறங்கிப் போகும். நமக்கு அதைவிடப் பெரிய எதிரி இடி. கிந்தா பள்ளத்தாக்கின் சாயங்கால இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? எத்தனை டிவியும் மோடமும் போயிருக்கின்றன! மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் பிளக்கு ஒன்று கட்டாயம் போடுங்கள். பலத்த இடியின்போது பிளக்கைக் கழற்றிவிடுவதில் தவறில்லை. உள்ளே பல்லியும் எறும்பும் குடியேறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை சில. உத்தரவாதம் எத்தனை வருடம், பேட்டரி அதில் அடங்குமா? வருடத்துக்கு ஒரு தடவை பராமரிப்புக்கு என்ன கட்டணம்? பழுது என்றால் ஆள் ஈப்போவிலிருந்து வருவாரா, கோலாலம்பூரிலிருந்து வரவேண்டுமா? பாகங்கள் நாட்டில் இருக்கின்றனவா? முன்பணத்தை எந்த நிலையில் திருப்பித் தருவார்கள்? ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள். நான் சொல்வதை நம்புங்கள்!

பணத்துக்கு நாங்கள் கூட்டுறவுக் கடன் போட்டோம். தம்பி பாதி ஏற்றான். சமூக நல இலாகாவில் மாற்றுத் திறனாளியாகப் பதிந்து அட்டை பெற்றவருக்காக அடிப்படை உதவிச் சாதனம் வாங்கினால், பிள்ளைகள் வருமான வரியில் 6,000 வெள்ளி வரை கழிவு கேட்கலாம். உங்கள் சாதனம் அந்தக் கணக்கில் சேருமா என்று வரி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் அட்டை கிடைக்காது; டாக்டர் எழுதித் தர வேண்டும்.

பழைய நாற்காலி வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நேர்ப்படி என்றால் வாங்கலாம். பொருத்துகிற ஆளே உத்தரவாதமும் தர வேண்டும், பேட்டரி புதிதாக இருக்க வேண்டும். வளைவுத் தண்டவாளம் ஒரு வீட்டுக்குச் செய்தது இன்னொரு வீட்டுக்கு உதவாது. அம்மாவுக்குப் பிறகு எங்களுடையது பழைய இரும்புதான். இதைத் தெரிந்துகொண்டே வாங்கினோம்.

தண்டவாளம் வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. பொருத்த ஒரு பகல். முதல் தடவை அம்மா கண்ணை மூடிக்கொண்டு போனார். மேடையில் வளைந்தபோது கைப்பிடியை இறுகப் பற்றினார். மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்காமல், "இன்னொரு வாட்டி" என்றார்! ஹாலில் இருந்த கட்டிலை அன்றே மடக்கினோம்.

இப்போது நான்கு மணிக்குத் தேத்தண்ணி குடிக்கிறார், அதுவும் பெரிய கோப்பையில். பொருள் ஏற்றக் கூடாது என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, படித்தும் காட்டினேன். நேற்று நான் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, மடித்த துணிகளைக் கூடையில் அடுக்கி, நாற்காலிக்கு பெல்ட்டும் மாட்டி, கீழே நின்று ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தார். கூடை மேடையில் திரும்பிக்கொண்டிருந்தது.